ஆறுதல்விளையில் தடுக்குகள் திரும்பிய கதை

எங்கள் ஆறுதல்விளைக் கோயிலில் தடுக்குகள் திரும்ப ஆரம்பித்தது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில்தான். மழையில்லை, இடியில்லை, வானத்தில் ஒரு அடையாளமும் இல்லை, வழக்கம்போலத் தேரி மணல் உள்ளங்காலைச் சுட்டது, வழக்கம்போலப் பாட்டுக்குழு முதல் பாட்டை எட்டாத சுருதியில் பிடித்துவிட்டு முடிக்க முடியாமல் தவித்தது, வழக்கம்போல ஐயர், குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், பாவ அறிக்கைக்காக முழங்கால்படியிடச் சொன்னார், நாங்களும் ஆளுக்கொரு ஓலைத் தடுக்கை இழுத்துப் போட்டு முழங்காலை ஊன்றிக் கண்ணை மூடினோம், கண்ணைத் திறந்தபோது கிழக்கே ஆல்டர் என்கிற பீடத்தைப் பார்த்து மண்டியிட்ட சபை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோயில்பிள்ளை பாக்கியநாதனின் பெண்டாட்டி நான். மணியடிப்பதும் கதவு பூட்டுவதும் அவர் வேலை, தரை மெழுகித் தடுக்குகளை உதறிப் போடுவது என் வேலை. அதனால் பழி முதலில் என் தலையில்தான் விழுந்தது. "ஏட்டி, தரையில எண்ண கிண்ண சிந்திட்டியா?" என்று என் வீட்டுக்காரர் சபை முழுக்கக் கேட்க அதட்டினார். அடுத்த வாரம் தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மணல் தூவினேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஜெபம் தொடங்கியதும் தடுக்குகள் அம்மிக்கல் நகருகிற மாதிரி மெதுவாக, கரகரவென்று, மேலே மண்டியிட்டிருக்கிற ஆளையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டுதான் இருந்தன.

விஷயம் பிடிபட்டது மெர்சியால். புதுசாகக் கல்யாணமாகி வந்த பிள்ளை, அவள் தடுக்கு ஒவ்வொரு வாரமும் மாமியாரைப் பார்த்துத் திரும்பியது. ஒருநாள் மாமியார் காற்று வேண்டுமென்று எழுந்து வாசல் பக்கம் போய் உட்கார, கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த மெர்சியின் தடுக்கு அரைவட்டமடித்து வாசலைப் பார்த்து நின்றது. அட கொடுமையே என்று பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு கணக்குப் போட எங்களுக்கு நேரம் ஆகவில்லை. யார் மெச்சவேண்டும் என்று ஒருவர் ஜெபிக்கிறாரோ அவர் இருக்கிற பக்கம் தடுக்கு திரும்பியது, அவ்வளவுதான். ஐயருடைய தடுக்கு வடமேற்கே, பேராயர் பங்களா இருக்கிற டவுனைப் பார்த்துத் திரும்பியது. பாட்டுக்குழுத் தலைவருடையது பெண்கள் பக்கம் கடைசி வரிசையைப் பார்த்தது, அங்கே யார் என்று அவர் மனைவி எண்ணிப் பார்த்தாள். நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை.

திரும்பாத தடுக்குகளும் இருந்தன. சின்னப் பிள்ளைகளுடையது திரும்பவில்லை. ஒற்றை மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வாராவாரம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் அழுதுவிட்டுப் போகிற செல்லத்தாயின் தடுக்கும் போட்ட இடத்தில் போட்டபடியே கிடந்தது. பிள்ளைகளுக்கு ஜெபிக்கத் தெரியாது, செல்லத்தாய் ஜெபிப்பதே இல்லை, ஆகவே தடுக்கு திரும்பவில்லை என்று சபைக் கமிட்டி கூடிப் பேசி முடிவு செய்தது. எங்களுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

முதல் சில வாரம் வெட்கத்தில் பாதிச் சபை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலிருந்தது. ஆனால் வெட்கத்தோடு குடித்தனம் நடத்துவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. மெர்சி மாமியாருக்கு நேர் பின்னால் இடம் பிடித்தாள். மாமியாரைப் பார்த்தாலும் ஆல்டரைப் பார்த்ததாக ஆகிவிடும் பாருங்கள். அதைக் கண்டு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தனக்கு வேண்டப்பட்டவரை முன்னால் தள்ளிவிட்டு அவருக்கு நேர் பின்னால் மண்டியிடுவது, இதுதான் வழி. ஒரு மாதத்துக்குள் ஊரில் யாரெல்லாம் பெரிய ஆளோ, யாருடைய முகம் கோணினால் அடுத்தவருக்குச் சோறு இறங்காதோ அவர்களெல்லாம் முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள், அவர்களுக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஊரில் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்றபோது படம் கொண்டுவரலாம் என்று கமிட்டி அனுமதித்தது. ஐயர் பேராயர் படத்தை முதல் ஆளாகக் கொண்டுவந்து ஆல்டர் சுவரில் மாட்டினார். பிறகு துபாயில் இருக்கிற மாப்பிள்ளைகள், சென்னையில் இருக்கிற மேலதிகாரிகள், மெட்ராஸ்காரியாகிப் போன ஒரு நாத்தனார் என்று படங்கள் ஏறின. தடுக்குகளும் புத்திசாலித்தனமாக ஆளை விட்டுப் படத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டன. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள், பையன் அம்மாவைப் பார்த்துத் திரும்புகிறானா வேறு எங்கேயாவது திரும்புகிறானா என்று தெரிந்துகொள்ள ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் எங்கள் கோயிலில் எல்லாரும் கிழக்கைப் பார்த்தே ஜெபித்தார்கள், பார்க்க ஒழுங்காக, வரிசையாக, அழகாக இருந்தது.

எந்த ஏற்பாடும் இல்லாமல் முதல் நாளிலிருந்தே கிழக்கை நேராகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. எல்லாரும் வயசாளிகள். அவர்களைத் தெருவில் கண்டால் இப்போது கைகூப்பினோம். அவர்களில் தலையானவர் ஞானதுரை வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை ஜிப்பாவில் ஒரு சுருக்கம் விழாதவர், அவர் தடுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை ஆல்டரைப் பார்த்தபடி நின்றது, அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடப் பிசகியதில்லை. "சபையில கர்த்தர நேராப் பாக்கது வாத்தியாரு ஒருத்தர்தான்" என்று ஊர் சொன்னது, வாத்தியாரும் அதை மறுக்கவில்லை. எங்கள் கோயிலின் ஆல்டர் கிழக்கே, ஆல்டருக்குப் பின்சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். இது ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், தெரிந்தே இருந்ததால் ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வாத்தியாருக்கு ஒரே மகள், எப்சிபா. பிறக்கும் முன்பே, வயிற்றில் இருக்கும்போதே, அவளை ஐயராகிற ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு, நிறைமாதக்காரியை ஆல்டர் முன்னால் நிறுத்தி, இந்தப் பிள்ளை உமக்கு என்று தகப்பன் சொல்லுவார். ஆண்பிள்ளை என்று நினைத்துச் சொன்னார், பெண்பிள்ளை பிறந்தது. சொன்ன சொல்லை மாற்றமாட்டேன் என்று நின்றார், பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிற காலம் வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தாய் சீக்கிரமே போய்விட்டாள். அப்பாவும் மகளும் மட்டும். அவள் ஐந்து வயதில் மேடையேறி நீளமான சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். சபை முழுக்கக் கைதட்டியது, அவள் ஒருத்தரையும் பார்க்கவில்லை, மூன்றாவது வரிசையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் தாடை இம்மியளவு கீழே இறங்கி ஏறியது. அந்தத் தலையசைப்புக்குப் பிள்ளை முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! அடுத்த வருஷம் நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. வாத்தியார் திட்டவில்லை, அடிக்கவில்லை, முகத்தைத் திருப்பி ஆல்டர் ஜன்னலைப் பார்த்தார், அவ்வளவுதான். பிள்ளைக்கு அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தது.

அப்படி வளர்ந்த பெண். படிப்பில் முதல், பாட்டில் முதல், ஞாயிறு பள்ளியில் முதல், இறையியல் கல்லூரியிலும் நல்ல பேர் எடுத்துத் திரும்பி வந்தாள். ஊர் மெச்சியது. ஒவ்வொரு மெச்சலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள், அப்பா தாடை அசைகிறதா என்று பார்ப்பாள். சில நாள் அசையும், பல நாள் அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

அவள் தடுக்கு எங்கே திரும்பியது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து, நடைபாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. மெர்சி செய்த தந்திரம் அவளுக்கு உதவாது. ஆண்கள் பக்கம் போய் அப்பாவுக்குப் பின்னால் உட்கார முடியுமா? அதுவும் அவள் முன்னால் நின்று சபைக்காக ஜெபிக்கிறவள். சபைக்காக ஜெபம்பண்ண மண்டியிடுவாள், குரல் மணிமாதிரி ஒலிக்கும், தடுக்கு ஆல்டருக்கு முதுகைக் காட்டி வாத்தியார் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அவர் கர்த்தரைப் பார்க்கிறார், அவள் அவரைப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். காதில் விழும்படிதான் பேசினார்கள்.

ஆல்டருக்கு வைக்க அரளிப்பூ பறிக்க அவர்கள் வீட்டுக்குப் போவேன். ஒருநாள் பூப்பறித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வாத்தியார் பேசியது கேட்டது.

"எம்மூஞ்சியில என்னட்டி எழுதி ஒட்டிருக்கு? ஊரு சிரிக்கி. அங்க பாரு, ஆல்டரப் பாரு. நான் பாக்கல்லியா?"

"பாக்கத்தாம்ப்பா நெனைக்கேன்."

"நெனைச்சா திரும்புமா? மனசுல இருக்கணும். ஒனக்கு மனசுல விசுவாசம் இல்ல, அதான் இப்பிடி. என்னத் தல குனிய வச்சிட்டே."

தலைகுனிய வைத்துவிட்டேனே என்று அவள் அழுதாள், அந்த அழுகையும் அப்பாவுக்காகத்தான், அது எனக்கே தெரிந்தது, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நான் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு சத்தம் காட்டாமல் வந்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று எங்கள் கோயிலிலேயே எப்சிபாவுக்குக் குருப்பட்டம் கொடுக்கப் பேராயர் ஒத்துக்கொண்டார். ஊருக்கு எவ்வளவு பெருமை! அசனத்துக்கு, அதாவது பண்டிகைப் பொதுச் சாப்பாட்டுக்கு, ஆடு பிடிக்க ஆள் போனது, பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள், கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். எப்சிபா மட்டும் மெலிந்துகொண்டே போனாள். ஒருநாள் மத்தியானம் கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில் வந்து என்னிடம் சாவி கேட்டாள்.

"அக்கா, இதவிடக் கனமான தடுக்கு இருக்கா?"

இருந்ததிலேயே தடித்ததை எடுத்துப் போட்டேன். ஆல்டர் முன்னால் மண்டியிட்டுக் கண்ணை மூடினாள். கோயிலில் என்னையும் அவளையும் தவிர ஒருத்தரும் இல்லை, தடுக்கு நகர்ந்தது, தென்மேற்கே, அவர்கள் வீடு இருக்கிற திசையில் போய் நின்றது. ரெண்டு பேரும் சேர்ந்து தடுக்கின் நாலு மூலையிலும் கல்லை வைத்தோம். கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் ஒரு நொடி வந்தது, பிறகு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குப் பேராயர் கேப்பாரு. இந்த ஊழியத்துக்குக் கர்த்தர் ஒன்ன அழச்சிருக்காருன்னு விசுவாசிக்கியான்னு. சபைக்கு முன்னால கேப்பாரு. நான் என்னக்கா சொல்லட்டும்?"

"எல்லாரும் சொல்லுத பதிலச் சொல்லு. விசுவாசிக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சிரு. யாரு வந்து ஒரசிப் பாக்கப்போறா?"

"இந்தத் தடுக்கு பாக்குமே. எனக்கு வெக்கமா இருக்குக்கா. நான் ஒரு தடவகூட அவருகிட்டப் பேசுனதில்லன்னு நெனைக்கேன். எல்லாம் அப்பாவுக்குக் கேக்கட்டும்னு பேசுனதுதான்."

தடுக்கை உதறி மூலையில் சாத்திவைத்தேன்.

கமிட்டிக்கும் அதே கவலைதான், வேறு காரணத்துக்காக. குருப்பட்டம் வாங்குகிறவள் ஆல்டருக்கு நேரே, நடுவில், தனியாக மண்டியிடவேண்டும். முன்னால் யாரும் கிடையாது. பேராயர் அவள் தலையில் கைவைக்கும் நேரத்தில் தடுக்கு திரும்பி அவள் முதுகைக் காட்டினால் ஊர் மானம் என்ன ஆவது? சபைச் செயலாளர் ஆபிரகாம் அண்ணாச்சிதான் வழி சொன்னார். எளிய வழி. வாத்தியாரை ஆல்டருக்குள்ளே, திருமேசைக்கு அந்தப் பக்கம், பேராயருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவது. மகள் அப்பாவைப் பார்ப்பாள், ஊர் அவள் ஆல்டரைப் பார்க்கிறாள் என்று பார்க்கும். குருக்களைத் தவிர ஒருவரும் கால்வைக்காத இடம் அது. ஆனாலும் கர்த்தரை நேராகப் பார்க்கிற ஒரே மனிதரை அங்கே உட்காரவைத்தால் தப்பென்ன என்று கேட்டார் அண்ணாச்சி. ஐயர் பேராயர் படத்தைப் பார்த்துக்கொண்டே சரியென்றார்.

வாத்தியார் மறுப்பார் என்று நான் நினைத்தேன். மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். அவருடைய அப்பா மாசிலாமணி உபதேசியாரின் கல்லறை ஆல்டர் ஜன்னலுக்கு நேர் வெளியே இருக்கிறது. பழைய காலத்தில் ஊர் ஊராக நடந்து பிரசங்கம்பண்ணியவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். மகனை ஐயராக்க ஆசைப்பட்டார்; ஞானதுரை வாத்தியார் அந்தத் தேர்வில் எடுபடாமல் வாத்தியார் வேலைக்குப் போனார், அதற்குப் பிறகு உபதேசியார் மகனோடு பேசாமலே செத்தார். இது ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய கதை. பழையதானதால் மறந்துபோயிருந்தோம்.

பண்டிகை நாள் வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். அசனச் சோற்றை வாங்கிப்போகப் பெண்கள் ஓலைப்பெட்டிகளோடு வந்து வெளியே அடுக்கி வைத்திருந்தார்கள், கறிக்குழம்பு மணம் ஜன்னல் வழியாக வந்து எங்கள் பக்தியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. திருமேசைக்கு அந்தப் பக்கம் பேராயர், அவருக்குப் பக்கத்தில் வாத்தியார், புது ஜிப்பா, முகத்தில் அப்படி ஒரு களை. சுவரில் எங்கள் மாப்பிள்ளைகளும் அதிகாரிகளும் படமாக வரிசை கட்டியிருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் மேசைமேல் சிலுவை நின்றது. எப்சிபா வெள்ளைச் சேலையில் வந்து தனியாக நடுவில் நின்றாள்.

பேராயர் முழங்கால்படியிடச் சொன்னார். எல்லாரும் மண்டியிட்டோம். ஒரு கண்ணை மூடவில்லை நான், எப்சிபாவின் தடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக அசைந்தது, நேராக நின்றது. ஆல்டரைப் பார்த்தபடி, ஊசி நுழைய இடமில்லாத நேர். ஆபிரகாம் அண்ணாச்சி பெருமூச்சு விட்டது பெண்கள் பக்கம்வரை கேட்டது.

அந்தப் பெருமூச்சு அடங்குமுன் கரகரவென்று சத்தம். மேசைக்கு அந்தப் பக்கம் வாத்தியாரும் மண்டியிட்டிருந்தார், வழக்கப்படி, யோசிக்காமல். அவருடைய தடுக்கு திரும்பிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்திருந்த முகம் சுவர் பக்கம் போனது. சிலுவைக்கு முதுகு, மகளுக்கு முதுகு, சபைக்கு முதுகு. மூக்கு ஜன்னலடிச் சுவரில் இடிக்கிற அளவுக்குத் திரும்பி நின்றது தடுக்கு. இத்தனை நாளும் அவர் பார்த்த அதே கிழக்கு. ஆல்டரைத் தாண்டிய கிழக்கு. கண்ணை இறுக மூடியிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பேராயரின் மைக் தன் தோளுக்குப் பக்கத்தில் நிற்பதும் தெரியவில்லை.

"அப்பா, பாத்தியளா?" என்று வாத்தியாரின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது, பனைமரத்து ஸ்பீக்கரிலும் கேட்டது, அடுப்படியில் கரண்டி பிடித்தவர்களுக்கும் கேட்டது. "என்னால ஆவ முடியல்ல. எம்புள்ளய ஆக்கிட்டேன். ஐயராக்கிட்டேன். இப்பமாவது ஒரு வார்த்த நல்லதாச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த."

எங்களுக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வேன், ஒருத்தரை அம்மணமாகப் பார்த்துவிட்ட வெட்கம் அது, அந்த நொடியில் கிழக்கைப் பார்த்து மண்டியிட்டிருந்த வயசாளிகள் ஒவ்வொருவரும் தலையைக் குனிந்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கும் ஆள் இருந்தது. பேராயர் மெதுவாகக் கைநீட்டி மைக்கைத் தன் பக்கம் நகர்த்தினார். அந்தச் சத்தத்தில் வாத்தியார் கண்ணைத் திறந்தார், சுவரைப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

எப்சிபா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயசிலிருந்து பார்த்த முகம். அது எப்போதும் எந்த ஜன்னலைப் பார்த்தது, ஏன் பார்த்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பேராயர் வயதான மனிதர். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை, தாழ்ந்த குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். கர்த்தர் உன்னை இந்த ஊழியத்துக்கு அழைத்திருக்கிறார் என்று விசுவாசிக்கிறாயா?

"தெரியாது, ஐயா," என்றாள் எப்சிபா.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"அவரு கூப்பிட்டாரான்னு நான் ஒருநாளும் கேட்டுப் பாத்ததில்ல. அப்பா அனுப்புனாவ, நான் வந்தேன். நல்ல பேரு எடுக்கணும்னுதான் இவ்வளவும் படிச்சேன், பாடுனேன், ஜெபிச்சேன். இங்க நிக்க வெக்கமா இருக்கு. அப்பா முன்னால இல்ல. அவரு முன்னால." மேசைமேலிருந்த சிலுவையைக் கைகாட்டினாள், பிறகு அது சரியில்லை என்று பட்டதுபோலக் கையை இறக்கினாள். "எங்க இருக்காருன்னுகூட எனக்குத் தெரியல்ல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். வாய் அசையவில்லை. அவள் குரலில் இத்தனை வருஷமும் கேட்ட அந்த மணிச்சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை, சும்மா மண்டியிட்டிருந்தாள்.

வாத்தியார் சுவரைப் பிடித்து எழுந்தார். ஒருவரையும் பார்க்காமல், தளர்ந்த நடையில், ஆல்டரின் பக்கக் கதவு வழியாக வெளியே போனார். சபை முழுக்க எப்சிபாவின் தடுக்கைப் பார்த்தது. அவர் போகிற பக்கம் அது திரும்பும், திரும்பித்தான் ஆகவேண்டும், இத்தனை நாள் கல்லை இழுத்துக்கொண்டு திரும்பிய தடுக்கு அது. அவர் கதவைத் தாண்டினார், வெளியே மணலில் செருப்புச் சத்தம் கேட்டது, சத்தம் தேய்ந்தது, கேட்காமல் போனது. தடுக்கு அசையவில்லை. சின்னப்பிள்ளைகளின் தடுக்குபோல, செல்லத்தாயின் தடுக்குபோல, போட்ட இடத்திலேயே கிடந்தது.

ஜெபிப்பதே இல்லை என்று நாங்கள் முடிவுகட்டிய செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தேன். கமிட்டி ஆட்களும் பார்த்தார்கள். பிறகு எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அன்று குருப்பட்டம் நடக்கவில்லை. பேராயர் அவள் தலையில் கைவைத்து, "காத்திரு, தாயே. கேட்டுப் பார். அவர் கூப்பிட்டால் வா," என்றார். "கூப்பிடல்லன்னா?" என்று அவள் கேட்டாள். "அப்பவும் அவர் பிள்ளைதானே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அசனத்தை என்ன செய்வது? ஆக்கிய சோறு. ஓலைப்பெட்டிகளை நீட்டி வாங்கிக்கொண்டு தலைகுனிந்தபடி வீட்டுக்குப் போனோம், எந்த வருஷமும் அவ்வளவு அமைதியாக அசனம் நடந்ததில்லை, கறியில் உப்பு கூடியிருந்ததை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த வாரம் ஆல்டர் சுவரிலிருந்து படங்கள் இறங்கின. கூட்டம் போட்டு இறக்கவில்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக வந்து, "லைட்டு சுவிச்சு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்" என்று என்னிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, படத்தை முந்தானைக்குள்ளோ துண்டுக்குள்ளோ மறைத்துக்கொண்டு போனார்கள். பேராயர் படத்தை ஐயரே வந்து கழற்றினார். மெட்ராஸ் நாத்தனார் படத்தைக் கடைசியாகக் கழற்றியது யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன, சுண்ணாம்பு வைத்துப் பூசியும் தெரிகின்றன.

வாத்தியார் பல வாரம் கோயிலுக்கு வரவில்லை. தெருவிலும் தலைகாட்டவில்லை. எப்சிபா வந்தாள். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் உட்கார்ந்தாள், யாருக்காகவும் சத்தமாக ஜெபிக்கவில்லை. எங்கள் தடுக்குகள் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றன, பொய் சொல்லமாட்டேன், ஆனால் திரும்பும்போது இப்போது கண்ணைத் திறந்து யார் பக்கம் என்று பார்த்துக்கொள்கிறோம், பார்த்து வெட்கப்படுகிறோம். சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது. என்னுடையது ஒரு தடவை நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. வாத்தியார். ஜிப்பாவில் சுருக்கம் இருந்தது. உள்ளே மூன்றாவது வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தும் போகவில்லை, மகளுக்குப் பக்கத்தில், ஆண் பெண் வரிசை பாராமல், முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டார். தடுக்கு போட நான் ஓடினேன். அவர் கண்ணை மூடியதும் அது ஜன்னலை நோக்கி நகர ஆரம்பித்தது, அவர் உடனே கண்ணைத் திறந்துவிட்டார், வேர்த்திருந்தது. மறுபடி மூடினார், மறுபடி நகர்ந்தது. அறுபது வயதுக்கு மேலான மனிதர், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைமாதிரி மகள் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி எப்சி," என்று கேட்டார், குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, "நான் சரியாப் பண்ணுதேனாட்டி?"

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். தாடையை இம்மியளவு இறக்கினால் போதும், அந்தக் கிழவர் பிழைத்துக்கொள்வார். அது எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவள் தலையசைக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டக் கேக்காதிய, அப்பா," என்றாள்.